கூலி: கடல் கடந்து திரும்பிய சொல்

பொருள்களைப் போலவே சொற்களும் கப்பலேறிச் செல்வதுண்டு. கட்டுமரம், மிளகுத்தண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கிலத்தில் நல்ல நிலையிலேயே வாழ்கின்றன. 'கூலி' என்ற சொல்லுக்கோ அப்பேறு வாய்க்கவில்லை.

தமிழில் கூலி என்பது ஆளின் பெயரன்று. உழைப்புக்குரிய ஊதியத்தின் பெயர். திருவள்ளுவர் 'ஆள்வினையுடைமை' அதிகாரத்தில், முயற்சி தரும் பயனைச் சுட்ட இச்சொல்லையே ஆண்டார். ஆங்கிலத்திலோ இது உழைப்பவனுக்கே பெயராயிற்று. யூல், பர்னல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதி, இதன் பிறப்புக்கு இரு வழிகளை ஆராய்கிறது. ஒன்று, மேற்கிந்தியாவில் வாழும் கோலி என்னும் மக்களின் பெயர். மற்றொன்று, நம் தமிழ்ச் சொல். சீனர் இதனைக் 'கசப்பு', 'வலிமை' எனப் பொருள்படும் இரண்டு எழுத்துக்களால் எழுதினர்.

சுமை தூக்குவோரையும் நாட்கூலிக்கு உழைப்போரையும் குறித்த சொல், 1834-இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் அடிமை ஒழிப்புச் சட்டம் நடப்புக்கு வந்தபின் புதுப்பொருள் பெற்றது. மொரீசியஸ், நேட்டால் முதலிய இடங்களின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் கட்டுண்டு சென்ற இந்தியர் 'கூலிகள்' எனப்பட்டனர். நாளடைவில் அது ஓரினத்தாரையே இழிக்கும் வசையாயிற்று. 1893-இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகள்கூடக் 'கூலி பாரிஸ்டர்' என்றே அங்கு அழைக்கப்பட்டார்.

இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழரும் இப்பெயரைச் சுமந்தனர். 1964-இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி அவர்களில் பல்லாயிரவர் தாயகம் திரும்பினர். அவர்களுக்கு வாழ்வளிக்க, 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம் எங்கள் பந்தலூர்ப் பகுதியிலும் தோட்டங்களை அமைத்தது.

அத்தகைய குடும்பத்துச் சிறுவன் ஒருவனை நான் பள்ளியில் சேர்த்தபோது, பதிவேட்டில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் வழக்கம்போல் 'கூலி' என எழுதினேன். அவன் எட்டிப் பார்த்து, "ஐயா, அப்பா வாங்குவதுதானே கூலி? அப்பா செய்வது கவ்வாத்து வேலை அல்லவா?" என்று கேட்டான். தேயிலைச் செடியை அளவறிந்து வெட்டிவிடும் தேர்ந்த வேலை அது. பல்லாண்டு தமிழ் கற்பித்த எனக்கு, நம் சொல்லின் நேர்பொருளை அச்சிறுவன் நினைவூட்டினான். எழுதியதை அடித்துவிட்டு, 'தேயிலைத் தோட்டத் தொழிலாளர்' என்று திருத்தினேன். பழைய பதிவேடுகளில் என் கையெழுத்தில் திருத்தப்படாதவை எத்தனையோ உள்ளன.