ஆடுகிற ஸ்டூல்

நான் செய்த முதல் ஸ்டூல் 18 அங்குல உயரத்தில் பிறந்தது. இன்றைக்கு அதன் உயரம் 15 அங்குலம்.

நடந்தது இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் வைத்துப் பார்த்தேன், ஆடியது. நீளமாகத் தெரிந்த காலை ரம்பத்தால் கொஞ்சம் அறுத்தேன். வேறு பக்கம் ஆடியது. அந்தப் பக்கத்துக் காலை அறுத்தேன். சாயங்காலத்துக்குள் நான்கு கால்களும் மூன்று அங்குலம் குறைந்துவிட்டன. ஆட்டம் மட்டும் குறையவில்லை. தூக்கிக்கொண்டு தெருமுனைப் பட்டறைக்குப் போனேன். ஆசாரி அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க வச்சுப் பாத்தீங்க?”

“மொட்டமாடில.”

“அது மழத்தண்ணி ஓட வாட்டம் வச்சுப் போட்ட தரை தம்பி. அங்கங்க மேடும் பள்ளமுமா இருக்கும். அதுல எத வச்சாலும் ஆடத்தான் செய்யும்.”

இரண்டு பேரும் சிரித்தோம். டீ வந்தது. அப்புறம் அவர் சொன்னதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது: “உங்களுக்குப் பலகை வீணானா இன்னொண்ணு வாங்கிக்குவீங்க. எனக்கு வீணானா அன்னிக்குக் கூலி போச்சு. பழகுற வயசுல உளி கோணினா எங்கப்பா முழக்கோலாலயே போடுவாரு.”

பொழுதுபோக்காக மரவேலை கற்றுக்கொள்கிறவர்களிடம் எல்லாரும் சொல்கிற அறிவுரை ஒன்று உண்டு: தப்பு பண்ணுங்க, பயப்படாதீங்க. அதை நம்பித்தான் நானும் உளியை எடுத்தேன். ஆனால் தப்பு பண்ணும் உரிமை எல்லாருக்கும் எப்போதும் இருந்ததா? இல்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

இங்கிலாந்தில் 1563இல் வந்த ஒரு சட்டப்படி, தச்சு உள்ளிட்ட கைத்தொழில்களைச் செய்ய வேண்டுமானால் குறைந்தது ஏழு ஆண்டுகள் ஓர் ஆசானிடம் பயிற்சியில் இருந்திருக்க வேண்டும். அந்த விதி நீங்கியது 1814இல்தான். ஏழு வருஷமும் பையன் கெடுப்பது ஆசானின் மரம், ஆசானின் நேரம். அங்கே தப்பு என்பது நஷ்டக் கணக்கு. தொழில் நுணுக்கங்களும் அந்தப் பட்டறைச் சுவர்களுக்குள்ளேயே இருந்தன.

அந்தச் சுவரில் ஓட்டை போட்டவர் ஒரு தச்சர் அல்ல. லண்டனில் வரைபடங்களும் பூகோள உருண்டைகளும் செய்து விற்ற அச்சுக்காரர் ஜோசப் மாக்ஸன். 1678 முதல் ‘மெக்கானிக் எக்ஸர்சைஸஸ்’ என்ற தலைப்பில் கொல்லு வேலை, தச்சு வேலை, கடைசல் வேலை பற்றியெல்லாம் சிறுசிறு பகுதிகளாக எழுதி வெளியிட்டார். இழைப்புளியை எப்படிப் பிடிப்பது, உளியை எப்படித் தீட்டுவது என்று விஷயம் தெரியாதவனுக்குப் புரிகிற மாதிரி எழுதினார். எழுதிவிட்டு அவரே ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: கையின் திறமையைச் சொற்களால் கற்பிக்க முடியாது, செய்து செய்துதான் வரும். அதாவது, புத்தகத்தைப் படித்தாலும் மரத்தைக் கெடுத்தே ஆக வேண்டும்.

ஏன் கெட்டே ஆக வேண்டும்? லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் பேராசிரியராக இருந்த டேவிட் பை 1968இல் எழுதிய நூலில் இதற்கு நல்ல விளக்கம் உண்டு. வேலைத்திறனை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். அச்சு, இயந்திரம் எல்லாம் அமைத்துவிட்டால் முடிவு முன்கூட்டியே நிச்சயமாகிவிடும் வேலை ஒன்று. கருவியை நகர்த்தும் ஒவ்வொரு நொடியும் பொருள் கெட்டுப்போகும் ஆபத்து இருக்கிற வேலை இன்னொன்று. கையெழுத்து இரண்டாவது வகை. உளி வேலையும் அப்படித்தான். மரத்தின் ரேகை ஓர் இடத்தில் திரும்பியிருக்கும். நாம் நேராக இழைப்போம். சிராய் பெயர்ந்து வரும். அந்த ஆபத்தை எடுத்துவிட்டால் அந்த வேலையே இல்லை.

சரி, அந்த ஆபத்தைக் கூலிக்குப் பயப்படாமல் எதிர்கொள்ள யாரை அனுமதித்தார்கள்? இங்கேதான் பின்லாந்தும் ஸ்வீடனும் வருகின்றன.

பின்லாந்தின் கல்வியாளர் ஊனோ சிக்னேயஸ், பொதுப் பள்ளிகளில் கைவேலையை ஒரு பாடமாக்க வேண்டும் என்று வாதாடினார். 1866இல் வந்த பள்ளிச் சட்டத்தில் அது இடம்பெற்றது. 1877இல் அவரைப் போய்ப் பார்த்த ஸ்வீடன்காரர் ஓட்டோ சாலமன், கோத்தன்பர்க் அருகே நேஸ் என்ற இடத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சிப் பள்ளி நடத்தினார். ‘ஸ்லாய்ட்’ என்று பெயர்பெற்ற அந்த முறையைக் கற்கப் பல நாடுகளிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். இன்று மரக்கரண்டி செதுக்கும் பொழுதுபோக்குக்காரர்கள் கையில் இருக்கும் சிறு கத்திக்கும் ஸ்லாய்ட் கத்தி என்றுதான் பெயர்.

சாலமனின் முறை எளிமையானது. முதலில் கத்தி. அப்புறம்தான் ரம்பமும் இழைப்புளியும். எளிய குச்சியில் தொடங்கி, படிப்படியாகக் கடினமாகும் பொருட்கள். ஒவ்வொன்றும் வீட்டில் பயன்படுவதாக இருக்க வேண்டும், முழுதையும் மாணவரே செய்ய வேண்டும். ஒரு விதிதான் என்னை நிறுத்தியது: ஆசிரியர் மாணவரின் வேலையில் கை வைக்கக் கூடாது. சொல்லலாம், தனியாக வேறொரு துண்டில் செய்து காட்டலாம், ஆனால் அந்தப் பொருளைத் தொடக் கூடாது. கோணினால் அது அந்தக் குழந்தையின் கோணல். தச்சரின் பட்டறையில் உருவாவது பொருள். இந்த வகுப்பில் உருவாவது குழந்தை என்பதுதான் சாலமனின் கணக்கு. ஸ்வீடனில் இன்றைக்கும் பையன்கள், பெண்கள் எல்லாருக்கும் இது கட்டாயப் பாடம். யாருடைய அப்பா என்ன வேலை செய்கிறார் என்று அங்கே கேட்பதில்லை.

நம் ஆட்களும் ஒருமுறை அப்படி ஓரிடத்தில் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். 1910இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் தமிழர்கள் கணிசமாக இருந்தார்கள். பெஞ்சு, பெட்டி எல்லாம் அவர்களே செய்துகொண்டார்கள். கட்டடக் கலைஞரான ஹெர்மன் காலன்பாக் தச்சு வேலையை முன்னின்று நடத்தினார். அவரிடம் வக்கீல் காந்தி செருப்புத் தைக்கக் கற்றார். பிறப்பு விதித்த வேலையை விட்டு வேறொன்றில் கைவைத்துப் பழகினார்கள் என்பது இதில் முக்கியம்.

அதனால்தான் 1953ஐ மறக்க முடியவில்லை. அந்த ஆண்டு சென்னை மாநில முதல்வர் ராஜாஜி தொடக்கக் கல்வியில் ஒரு மாற்றம் கொண்டுவந்தார். பள்ளி மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதவில்லை, இரண்டு வேளையாகப் பிரித்தால் கூடுதல் பிள்ளைகள் படிக்கலாம் என்பது அரசு சொன்ன காரணம். கைவேலை மீது மரியாதை வரும் என்றும் சொன்னார்கள். பெரியாரும் திமுகவும் இதைக் குலக்கல்வித் திட்டம் என்று அழைத்துக் கடுமையாக எதிர்த்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலக, காமராஜர் வந்ததும் திட்டம் கைவிடப்பட்டது.

மேலோட்டமாகப் பார்த்தால் நேஸும் சென்னையும் ஒன்றையே சொல்வது போலத் தோன்றும்: பிள்ளைகள் கையால் வேலை செய்யட்டும். ஆனால் ஸ்வீடனில் குடியானவர் மகனும் குமாஸ்தா மகனும் ஒரே கத்தியைப் பிடித்தார்கள். இங்கே தச்சர் மகனுக்கு உளி, வெளுப்பவர் மகளுக்குத் துறை, புத்தகத்தோடு வாழ்ந்தவர் வீட்டுப் பிள்ளைக்கு மறுபடியும் புத்தகம். அப்பாவின் வேலையில் உதவப் போகிற பிள்ளை செய்யும் தப்பு, அப்பாவின் கூலியில்தான் கழியும். அங்கே தப்பு பாடமாகாது. முழக்கோல் அடிதான் ஆகும்.

கைவேலை உயர்ந்தது என்று நானும் நம்புகிறேன். உளி பிடித்த பிறகு இன்னும் அதிகமாக நம்புகிறேன். ஆனால் அது விட்டுப்போகவும் முடிகிற வேலையாக இருந்தால்தான் எனக்கு இனிக்கிறது. ஆசாரி அண்ணன் தன் மகனைப் பட்டறைப் பக்கமே விடவில்லை. பையன் பாலிடெக்னிக் முடித்துவிட்டான். “அவன் உளிய தொட்டதே இல்ல” என்று பெருமையாகச் சொல்வார். அதில் ஒரு துளி வருத்தமும் இருக்கும். இரண்டும் நியாயம்தான்.

போன மாதம் இரண்டாவது ஸ்டூலை எடுத்துப் போனேன். காலில் துளை போட்டு, குறுக்குச் சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி உள்ளே இறக்கியிருந்தேன். ஒரு துளை பெரிதாகிவிட்டது. ஆப்பு வைத்து மறைத்திருந்தேன். அவர் அதில் கை வைக்கவில்லை. விரலால் மட்டும் காட்டினார். “கழட்டிட்டு வேற சட்டம் செதுக்குங்க.” சாலமனை அவர் படித்திருக்க வாய்ப்பில்லை.

கிளம்பும்போது கேட்டேன், “அண்ணே, நீங்க உங்களுக்குன்னு செஞ்ச மொதப் பொருள் எது?”

மரத்தூளை ஊதிவிட்டு யோசித்தார். கதவு, கட்டில், பீரோ என்று ஊரில் யார் யாருக்குச் செய்தார் என்று சொல்லிக்கொண்டே போனார். நடுவில் நிறுத்தினார்.

“எனக்குன்னா? யோசிச்சுச் சொல்றேன் தம்பி.”

இன்னும் சொல்லவில்லை.