லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் டீசல் இன்ஜின் மாற்றம்

லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் டீசல் இன்ஜின் மாற்றம் என்பது, 1985-க்கு முன் பிரிட்டனில் தயாரான லேண்ட் ரோவர் நான்கு சக்கர இயக்க வண்டிகளின் பழைய இன்ஜினைக் கழற்றிவிட்டு, பின்னாளில் வந்த வலுவான டீசல் இன்ஜினைப் பொருத்தும் பணி. இதற்காக அதிகம் நாடப்படுவது 1989-இல் அறிமுகமான 200 டி.டி.ஐ. இன்ஜின். பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகளில் நடக்கும் இன்ஜின் மாற்றங்களுள் பரவலாகச் செய்யப்பட்டு, நன்கு சோதிக்கப்பட்டது இது. ஒரு வண்டியின் இதயத்தை மாற்றினால் மற்ற உறுப்புகள் ஒவ்வொன்றும் என்ன கேட்கும் என்பதை விளக்க இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பின்னணி

ரோவர் நிறுவனம் தன் முதல் லேண்ட் ரோவரை 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் வெளியிட்டது. இங்கிலாந்தின் சோலிஹல் தொழிற்சாலையில் தயாரான அந்த வண்டி பெட்ரோலில் ஓடியது. 2 லிட்டர் டீசல் இன்ஜின் 1957-இல் வந்தது. 1961-இல் அதன் இடத்தைப் பிடித்த 2,286 கனசென்டிமீட்டர் இன்ஜின், சீரீஸ் 2ஏ, சீரீஸ் 3 வண்டிகளில் இருபதாண்டுகளுக்கும் மேலாக உழைத்தது. அதன் திறன் 62 குதிரைத்திறன். முறுக்குவிசை ஏறக்குறைய 140 நியூட்டன் மீட்டர்.

பண்ணைக்கும் காட்டுப்பாதைக்கும் அது போதும். ஆனால் பாரம் ஏற்றிய நீண்ட வண்டி, அதாவது 109 அங்குலச் சக்கர இடைவெளி கொண்டது, நெடுஞ்சாலை ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முனகிக்கொண்டுதான் ஏறும். அலுமினிய உடல் துருப்பிடிக்காது. சட்டகம் துருப்பிடித்தாலும் புதிது கிடைக்கும். உடலும் சட்டகமும் நிலைத்து, இன்ஜின் மட்டும் காலத்துக்குப் பின்தங்கியதே இந்த மாற்றத்துக்குக் காரணம்.

ஒரே குடும்பத்து இன்ஜின்கள்

இன்ஜின் மாற்றத்தில் முதல் கேள்வி ‘எது வலுவானது’ என்பதல்ல, ‘எது சேரும்’ என்பதே. 200 டி.டி.ஐ. இங்கே முதலிடம் பெறுவதற்கு அதன் வம்சாவளிதான் காரணம். 2,286 க.செ.மீ. இன்ஜினின் சிலிண்டர் விட்டம் 90.47 மி.மீ., பிஸ்டன் ஓட்டம் 88.9 மி.மீ. 1984-இல் விட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டத்தை 97 மி.மீ. ஆக்கியதும் கொள்ளளவு 2,495 க.செ.மீ. ஆனது. 1986-இல் அதற்கு டர்போ சேர்க்கப்பட்டு 85 குதிரைத்திறன் கிடைத்தது. ஆனால் பிஸ்டன் விரிசல் போன்ற கோளாறுகளால் அந்த இன்ஜின் நற்பெயர் எடுக்கவில்லை.

1989-இல் டிஸ்கவரி வண்டியோடு வந்த 200 டி.டி.ஐ. அதே 2,495 க.செ.மீ. அளவுதான். ஆனால் எரிபொருள் முன்னறைக்குப் போகாமல் நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. அலுமினிய ஹெட், டர்போ, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவை சேர்ந்தன. டிஸ்கவரியில் 111 குதிரைத்திறனும் சுமார் 264 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் தந்தது. சீரீஸ் வண்டிகளின் வழித்தோன்றலான டிஃபெண்டரில் இதுவே சற்றுக் குறைத்து 107 குதிரைத்திறனாக அமைக்கப்பட்டது. வடிவம் மாறினாலும், பிளாக்கின் பின்பக்கம் பழைய குடும்பத்தின் அமைப்பைப் பெரிதும் விடவில்லை. அதனால் சீரீஸ் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கோடு இடைத்தகடு எதுவும் செய்யாமலே இதைச் சேர்க்க முடிகிறது.

1994-இல் வந்த 300 டி.டி.ஐ. இன்னும் அமைதியாக ஓடும். ஆனால் மவுண்டிங் முதல் துணைக்கருவிகள் வரை பல இடங்களில் மாறியிருப்பதால் பழைய வண்டியில் வேலை கூடும். 1998-இல் வந்த ஐந்து சிலிண்டர் டி.டி.5 மின்னணுக் கட்டுப்பாட்டில் இயங்குவது. கணினிப் பெட்டி, உணரிகள், வயரிங் தொகுதி முழுவதும் உடன் வர வேண்டும். இயந்திரப் பம்ப் கொண்ட டி.டி.ஐ. இன்ஜினுக்கோ, ஓடத் தொடங்கிய பிறகு, பம்பில் உள்ள ஸ்டாப் சொலினாய்டுக்கு ஒரு 12 வோல்ட் வயர் போதும். பட்டறை வசதி இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோனால் இந்த எளிமையின் அருமை தெரியும்.

பயன்படுத்திய இன்ஜினைத் தேர்ந்தெடுத்தல்

மாற்றத்துக்கு வாங்கப்படும் இன்ஜின் பெரும்பாலும் வேறொரு வண்டியில் ஓடிக் களைத்தது. எனவே வாங்குமுன் அதைக் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பது அவசியம். முன்கூட்டியே சூடேற்றி வைத்த இன்ஜின் தன் குறையை மறைத்துவிடும். ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்க்கையில் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்து பேக் கம்ப்ரஷன் இருக்கிறது என்று பொருள். ரேடியேட்டர் நீரில் இடைவிடாமல் குமிழி எழுந்தால் ஹெட் கேஸ்கெட்டையோ ஹெட்டையோ சந்தேகிக்க வேண்டும். டர்போவின் தண்டை விரலால் பிடித்து ஆட்டினால் பக்கவாட்டில் மிகச் சிறிதளவு அசைவு இயல்பு; சுழலி உறையில் உரசினால் அந்த டர்போவை மாற்றியாக வேண்டும்.

நன்றாக ஓடும் இன்ஜினிலும், வெளியே இருக்கும்போதே டைமிங் பெல்ட், அதன் டென்ஷனர், தண்ணீர் பம்ப், முன்-பின் ஆயில் சீல்கள், கிளட்ச் தட்டு, கிளட்ச் பேரிங் ஆகியவற்றைப் புதிதாகப் போட்டுவிடுவதே முறை. சீரீஸ் இன்ஜினில் டைமிங் செயின் இருந்தது, டி.டி.ஐ.-யில் இருப்பது பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். செயினுக்குப் பழகிய உரிமையாளர்கள் மறக்கக் கூடாத வேறுபாடு இது.

பொருத்தும் முறை

சீரீஸ் வண்டியின் முன்பக்கம் இந்த வேலைக்கென்றே செய்ததுபோல் இருக்கும். பானெட்டைத் தூக்கிவிட்டு, சில போல்ட்டுகளைக் கழற்றினால் ரேடியேட்டரோடு முன்முகப்பு முழுவதும் ஒரே துண்டாக வந்துவிடும். ஓட்டுநர் பக்கத் தரைத்தகடுகளையும் நடுச் சுரங்கத்தையும் எடுத்தால் பெல் ஹவுசிங் கைக்கு எட்டும். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கிய பிறகே இன்ஜினைச் செயின் பிளாக்கில் ஏற்ற வேண்டும். கிளட்சிலிருந்து கியர்பாக்ஸ் தண்டு முழுவதும் விலகும்வரை இன்ஜினை நேர்க்கோட்டில் முன்னே இழுக்க வேண்டும். பாதியில் தூக்கினால் மொத்த எடையும் அந்தத் தண்டில் விழுந்து கிளட்ச் தட்டை வளைத்துவிடும்.

புதிய இன்ஜின் உள்ளே போகும்போது கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, கிராங்கின் பின்நுனியில் கியர்பாக்ஸ் தண்டைத் தாங்கும் சிறிய ஸ்பிகாட் புஷ். அதன் உள்விட்டத்தையும் தண்டின் நுனியையும் அளந்து, பொருந்தும் புஷ்ஷைப் போட வேண்டும். கைக்கடக்கமான இந்த வெண்கல வளையத்தை அளக்காமல் விட்டதால் முழு வேலையையும் திரும்பச் செய்யும்படி ஆவதுண்டு. இரண்டாவது, ஃப்ளைவீல் ஹவுசிங்கில் போல்ட்டுக்குப் பதில் ஸ்டட் பொருத்துவது. சீரீஸ் கியர்பாக்ஸ் ஸ்டட்டில் நட்டு போட்டு இறுக்கும் வகை. மூன்றாவது டர்போவின் இடம். டிஸ்கவரி இன்ஜினில் டர்போ தாழ்வாக, சட்டகத்துக்கு அருகில் இருக்கும். அதன் புகைக்குழாய்க்கு வழி செய்ய வேண்டும். டிஃபெண்டர் இன்ஜினில் அது மேலே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் டிஸ்கவரி இன்ஜின்கள் எளிதில் கிடைத்ததால் பலர் குழாயை மாற்றி அமைத்துக்கொண்டனர்.

குளிர்விப்பு, எரிபொருள், மின்சாரம்

இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை பாதிகூட முடியவில்லை. பழைய ரேடியேட்டர் 62 குதிரைத்திறனுக்குச் செய்யப்பட்டது. டி.டி.ஐ.-க்கு அதன் சொந்த ரேடியேட்டர், ஆயில் கூலர், பக்கத்தில் இன்டர்கூலர் ஆகியவற்றோடு இடம் ஒதுக்க முன்முகப்பை வெட்டியோ முன்னே தள்ளியோ அமைக்க வேண்டியிருக்கும்.

பெட்ரோல் வண்டியை டீசலாக்கினால் டேங்க்கை முற்றிலும் கழுவி, பம்பிலிருந்து மிஞ்சும் டீசல் திரும்பிவரத் தனிக் குழாய் போட வேண்டும். நீர் பிரிக்கும் ஃபில்ட்டரும் கட்டாயம். 1967-க்கு முற்பட்ட வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் நேர்முனை சட்டகத்தோடு இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டரை இணைக்குமுன் அதை எதிர்முனைக்கு மாற்றாவிட்டால் டயோடுகள் எரிந்துபோகும்.

முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போது அவசரம் ஆகாது. ஸ்டாப் சொலினாய்டின் வயரைக் கழற்றிவிட்டு, ஆயில் அழுத்த விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றவிட வேண்டும். அப்போதுதான் டர்போவின் பேரிங்குக்கு ஆயில் போய்ச் சேரும். பிறகு டீசல் லைனில் உள்ள ஏரை எடுத்துவிட்டு வயரை மாட்டலாம்.

பல்விகிதம்

வலு கூடியதும் பெரும்பாலோர் எதிர்பார்ப்பது வேகம். ஆனால் அந்த வேகம் இன்ஜினைவிட, பின்னால் இருக்கும் பற்சக்கரங்களின் கையில்தான் இருக்கிறது. சீரீஸ் வண்டியின் டிஃபரன்ஷியல் விகிதம் 4.7, டிரான்ஸ்ஃபர் பாக்ஸின் உயர்நிலை விகிதம் 1.15. இரண்டையும் பெருக்கினால் நான்காம் கியரில் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் சுமார் 5.4 முறை சுற்ற வேண்டும். 7.50-16 டயர் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2.4 மீட்டர் போகும் என்று கொண்டால், நிமிடத்துக்கு 2,500 சுற்றில் வண்டியின் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர்தான்.

ரேஞ்ச் ரோவரின் 3.54 விகித டிஃபரன்ஷியலைப் போட்டால் அதே 2,500 சுற்றில் வேகம் 89 கிலோமீட்டர் ஆகிறது. பழைய இன்ஜினால் இந்த விகிதத்தை இழுக்க முடியாது, டி.டி.ஐ. இழுக்கும். முன், பின் இரண்டு அச்சுகளிலும் ஒரே விகிதம் இருப்பது கட்டாயம். இல்லாவிட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் கியர்கள் ஒன்றோடொன்று இழுத்து உடையும். நீண்ட வண்டிகள் பலவற்றின் பின்னச்சு சால்ஸ்பரி வகை. அதில் ரேஞ்ச் ரோவரின் டிஃபரன்ஷியல் சேராது. அத்தகைய வண்டிகளுக்கு ஃபேரி ஓவர்டிரைவ் ஒரு மாற்றுவழி. அது கியர் விகிதத்தை ஏறக்குறைய 28 விழுக்காடு உயர்த்தும்.

வேகமானிக்கான இணைப்பு டிரான்ஸ்ஃபர் பாக்ஸிலிருந்து வருகிறது. டிஃபரன்ஷியல் மாறியது அதற்குத் தெரியாது. எனவே முள் 60-இல் நிற்கும்போது வண்டி உண்மையில் 80-இல் ஓடிக்கொண்டிருக்கும். அதைத் திருத்தாமல் சாலையில் இறங்குவது ஆபத்து.

பிரேக்கும் பிற தாங்குதிறனும்

முறுக்குவிசை 140-லிருந்து 264 ஆனது என்றால், சீரீஸ் கியர்பாக்ஸும் அரைத்தண்டுகளும் தாங்க வேண்டிய விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. லோ கியரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் உடைவது இன்ஜின் அல்ல, அதற்குப் பின்னால் இருப்பவை. நிதானமாக ஓட்டுபவரிடம் சீரீஸ் கியர்பாக்ஸ் பல்லாண்டு உழைத்ததுண்டு.

பிரேக் இன்னும் முக்கியம். சீரீஸ் வண்டிகளில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். பலவற்றில் செர்வோ கிடையாது. டி.டி.ஐ. இன்ஜின் வெற்றிடப் பம்போடு வருவதால் செர்வோ பொருத்துவது எளிது. 67-இல் போன வண்டி 89-இல் போகப்போகிறது. அப்போது அதன் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 1.76 மடங்கு. அதை நிறுத்தும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டு இன்ஜினுக்கு வருவதே சரியான வரிசை.

சட்டம்

பிரிட்டனில் பெரிய மாற்றம் செய்த வண்டி தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க எட்டுப் புள்ளி பெற வேண்டும் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. சட்டகத்துக்கு 5, சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் தொகுதி, ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, இன்ஜினுக்கு 1. அந்த விதிப்படியும் இன்ஜின் மட்டும் மாறினால் அடையாளம் போகவில்லை. ஆனால் புதிய இன்ஜின் எண், கொள்ளளவு, எரிபொருள் மாறினால் அதுவும் பதிவு ஆவணத்தில் ஏற வேண்டும். 40 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. பெரிதும் மாற்றப்பட்ட வண்டிக்கு அது கிடைக்காது. சிலிண்டர் எண்ணிக்கை மாறுவது அத்தகைய மாற்றமாகவே பெரும்பாலும் கொள்ளப்படும். நான்கு சிலிண்டர் டி.டி.ஐ.-யின் இன்னொரு வசதி இது.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரங்களிலிருந்து வண்டி மாறுபடும்படியான மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் இன்ஜினை மாற்றுவது வண்டியையும் காப்பீட்டையும் சிக்கலில் மாட்டிவிடும்.

பிற நாடுகளில்

உள்ளூரில் உதிரிபாகம் கிடைக்கும் இன்ஜினே எல்லா நாட்டிலும் வென்றது. ஆஸ்திரேலிய ராணுவத்தின் பெரென்டி வகை லேண்ட் ரோவர்கள் 1980-களின் இறுதியிலிருந்து 3.9 லிட்டர் இசுசு டீசலோடு பணியில் சேர்ந்தன. மேற்கு வங்கத்தின் மானேபஞ்சாங்கிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் உள்ள சந்தக்பூவுக்குப் பயணிகளை ஏற்றிச் சென்ற பழைய லேண்ட் ரோவர்கள் பலவற்றில் மகிந்திரா டீசல் இன்ஜின்கள் பொருத்தப்பட்டன. சோலிஹல் உடலும் இந்திய இன்ஜினும் சேர்ந்து அந்த மலைப்பாதையில் பிழைத்தன.

மதிப்பீடு

பழைய வடிவ டிஃபெண்டரின் உற்பத்தி 2016 ஜனவரி 29 அன்று நின்றது. அதன் முன்னோர்களான சீரீஸ் வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. நல்ல நிலையிலுள்ள அசல் இன்ஜின் கொண்ட வண்டியை மாற்றாமல் காப்பதே அதன் வரலாற்றுக்குச் செய்யும் மரியாதை. இன்ஜின் செத்துவிட்ட, அன்றாடம் உழைக்க வேண்டிய வண்டிக்கோ, அதே குடும்பத்து இன்ஜினை முறையாகப் பொருத்துவது மறுவாழ்வு. இந்த வேலையில் இறங்குபவர் பணத்தை இன்ஜினுக்கு மட்டும் எண்ணி வைக்காமல், பிரேக், ரேடியேட்டர், டிஃபரன்ஷியல், பதிவு ஆவணம் ஆகிய நான்குக்கும் முதலிலேயே ஒதுக்கிவிட்டுத் தொடங்க வேண்டும்.