கோணமலையும் கம்பியில்லாச் செய்தியும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் அமைப்பை வியவாதார் இல்லை. குன்றுகள் சூழ்ந்த அந்நீர்ப்பரப்பு பெருங்கலங்களையும் புயலினின்று காக்க வல்லது. ஆயினும் ஆபத்துக் காலத்தில் ஓர் ஊரைக் காப்பன குன்றுகள் மட்டுமல்ல. உரிய வேளையில் உரியவர் செவிக்கு எட்டும் செய்தியும் காக்கும். இவ்வுண்மையை இரண்டு நாட்களின் வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

முதலாவது, 1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 9ஆம் நாள். யப்பானியக் கடற்படை கிழக்கிலிருந்து நெருங்குவதை முந்திய நாளே வேவு விமானமொன்று கண்டு, கம்பியில்லாத் தந்தி வாயிலாக அறிவித்தது. அன்றிரவே கப்பல்கள் பல துறைமுகத்தை விட்டு அகன்றன. ஆதலின் காலையில் குண்டுகள் வீழ்ந்தபோது அவை தப்பின. ஆனால், விமானங்கள் இன்றித் தெற்கே சென்ற விமானந்தாங்கிக் கப்பலாகிய 'ஹேர்மீஸ்' எதிரியின் கண்ணிற் பட்டது. எதிரியின் செய்தியை இடைமறித்துக் கேட்ட பிரித்தானியர், கப்பலைத் திரும்பி வருமாறு பணித்தனர். கட்டளை எட்டியது, காவல் விமானங்களோ வேளைக்கு எட்டவில்லை. மட்டக்களப்புக் கடலில் கப்பல் மூழ்க, 307 பேர் மாண்டனர். அண்மையிற் சென்ற 'வீட்டா' என்னும் மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 590 பேரை மீட்டது. செய்தி கிடைத்தால் மட்டும் போதாது. அதனைக் கேட்டு விரைய வேண்டியவர் யார் என்பதும் முன்னரே வகுக்கப்பட்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள். சுமாத்திராவின் அருகே கடலடி நிலம் அதிர்ந்தது. அலை நம் கீழ்க்கரையை அடைய ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. பசிபிக் கடலின் எச்சரிக்கை நிலையத்தார் அதிர்ச்சியைச் சில நிமிடங்களில் அறிந்தும், அதனை நம் கரையோர மக்களுக்கு எட்டச் செய்யும் வழி இருக்கவில்லை. கிண்ணியாவில் மருத்துவமனையே அலைக்கு இரையாயிற்று. காயமுற்றோர் நாடிச் செல்லும் இடமே அழிந்தால், அவரை எங்கே கொண்டு செல்வது என்று அறிவிப்பார் யார்? இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அதன் பின்னரே, 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தினால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் தோன்றியது. 117 என்னும் இலக்கம் அதற்குரியது. 2016இல் இந்திய உதவியுடன் தொடங்கிய 1990 நோயாளர் வண்டிச் சேவையும் படிப்படியாகப் பிற மாகாணங்களுக்குப் பரவியது.

எனினும் தொலைபேசி ஒன்றையே நம்புதல் தகாது. பேரிடரில் எல்லோரும் ஒருங்கே அழைக்கையில் இணைப்புகள் நெருக்குண்டு தடைப்படும்; கம்பங்களும் சாயும். ஆகவே தீயணைப்போர், மருத்துவர், பொலிசார், துறைமுகத்தார் ஆகிய அனைவரும் ஒருவரை ஒருவர் கேட்கத்தக்க பொது வானொலி அலைவரிசை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வேண்டும். கையடக்க வானொலியின் மீயுயர் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வன. குன்று மறித்தால் தேய்ந்துவிடும். ஆதலால் உயரத்தில் மீள்பரப்பு நிலையமும், மின்சாரம் நின்றபோது இயங்கும் மின்கலமும் இன்றியமையாதன. கொட்டியாற்று விரிகுடாவின் அக்கரையிலுள்ள மூதூர், நகரத்தின் குரலைக் கேட்கின்றதா என்பதை அமைதிக் காலத்திலேயே சோதித்தறிதல் வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை கோலுதல் நம் முன்னோர் அறிவு. அன்று கடலில் மாண்டவரும் அலையில் மறைந்தவரும் நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவே.