மனைவிதான் என்று யார் சொல்ல வேண்டும்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள்.

சமீப காலமாக எனக்கு வரும் போன்களில் பாதி விசா பற்றியவை. "சார், எங்க கல்யாணம் கோயில்ல நடந்தது, ரிஜிஸ்டர் பண்ணலை, ஒத்துக்குவாங்களா?" "சார், சேர்ந்து எடுத்த போட்டோ எத்தனை வைக்கணும்?" போன வாரம் ஒருத்தி, "என் புருஷனை என் புருஷன்தான்னு நான் எப்படி சார் நிரூபிக்கிறது?" என்று கேட்டாள். நான் முப்பது வருடம் சரித்திரம் நடத்தியவன். விசா விதிகளுக்கு வக்கீலிடம்தான் போக வேண்டும். ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு நூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது என்று சொன்னேன். அவள் சிரித்தாள். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

தில்லையாடி வள்ளியம்மையை உங்களுக்குத் தெரியும். எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் கட்டடத்துக்கே அவர் பெயர்தான். எதற்காகச் சிறைக்குப் போனார் என்று வகுப்பில் கேட்டால் "மூன்று பவுன் வரியை எதிர்த்து" என்று கோரஸாகப் பதில் வரும். பதில் சரிதான், ஆனால் பாதிதான். இன்னொரு பாதி கல்யாணம். பாடப்புத்தகத்தில் அது ஒரு வரியில் முடிந்துவிடும்.

1913-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் மாகாணத்தில் ஹசன் ஈசோப் என்ற இந்தியர் குடியிருந்தார். அவர் மனைவி பாய் மரியம். இஸ்லாமிய முறைப்படி திருமணம் செய்தவர்கள். ஊரிலிருந்து வந்த மனைவியைக் கப்பலை விட்டு இறங்கவிட அதிகாரிகள் மறுத்தார்கள். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. மார்ச் 14 அன்று நீதிபதி சேர்ல் தீர்ப்புச் சொன்னார்: பலதார மணத்துக்கு இடம் தரும் மதத்தின் சடங்குப்படி நடந்த திருமணத்தை இந்த நாட்டுச் சட்டம் திருமணமாக ஏற்காது. ஆகவே குடியேற்றச் சட்டத்தின் கண்ணில் பாய் மரியம் மனைவி அல்ல.

ஹசன் ஈசோப்புக்கு எத்தனை மனைவிகள் என்பதைப் பற்றி அல்ல தீர்ப்பு. ஒரே மனைவியாகவே இருக்கட்டும். அவர் மதம் இன்னொருத்தியை அனுமதிக்கிறதே, அது போதும் என்பதுதான் வாதம். இதற்கு வேர் லண்டனில் இருக்கிறது. 1866-இல் ஹைட் எதிர் ஹைட் என்று ஒரு வழக்கு. மார்மன் சபையிலிருந்து விலகிய ஓர் ஆங்கிலேயர், அமெரிக்காவின் யூட்டாவில் தான் மணந்த பெண்ணிடமிருந்து விவாகரத்துக் கேட்டார். ஒரு ஆணும் ஒரு பெண்ணும் மற்ற எல்லோரையும் விலக்கி ஆயுள் முழுக்கச் சேர்ந்திருப்பதுதான் கிறிஸ்தவ உலகம் அறிந்த திருமணம்; மார்மன் திருமணம் அதில் சேராது; திருமணமே இல்லாதபோது விவாகரத்து எங்கிருந்து வரும் என்று நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. ஓர் ஆங்கிலேயரின் குடும்ப வழக்கில் பிறந்த அந்த விளக்கம், 47 வருடம் கழித்து ஆப்பிரிக்கத் துறைமுகத்தில் ஓர் இந்தியப் பெண்ணை மறித்தது. இத்தனைக்கும் அன்றைக்கு இந்தியாவில் முஸ்லிம்களுக்கு மட்டுமல்ல, இந்துக்களுக்கும் பலதார மணம் சட்டத்துக்கு உட்பட்டதே. சென்னை மாகாணம் இந்துக்களுக்கு அதைத் தடுத்தது 1949-இல்தான். நம் கொள்ளுத்தாத்தாக்கள் காலத்துக் குடும்பங்களை நினைத்துப் பார்த்தால் புரியும்.

இந்தத் தீர்ப்பால் இந்து, முஸ்லிம், பார்சி எல்லோருமே மாட்டிக்கொண்டார்கள். கிறிஸ்தவ முறையில் நடக்காத, அல்லது அந்நாட்டுத் திருமணப் பதிவாளர் முன் பதிவாகாத திருமணம் எதுவும் செல்லாது என்று ஆகிவிட்டது என காந்தி எழுதினார். மனைவிகள் வைப்பாட்டிகள் ஆனார்கள், பிள்ளைகளுக்கு வாரிசுரிமை போயிற்று என்பது அவர் வாதம். நடைமுறையில் உடனே வலித்தது குடியேற்றத்தில்தான். ஊரில் இருக்கும் மனைவியை அழைத்துக்கொள்ள வழியில்லை. ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும் மனைவியையும் வாசலில் நிறுத்தலாம்.

அதுவரை காந்தி பெண்களைச் சத்தியாக்கிரகத்தில் சேர்த்துக்கொண்டதில்லை. ஆண்களுக்காகப் பெண்கள் சிறைக்குப் போவது கௌரவம் அல்ல என்ற எண்ணம். இப்போது அவமானப்பட்டதே பெண்கள் என்றான பிறகு அவர்களை எப்படித் தடுப்பது? 1913 செப்டம்பரில் ஃபீனிக்ஸ் ஆசிரமத்திலிருந்து 16 பேர் அனுமதியில்லாமல் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டிக் கைதானார்கள். கஸ்தூர்பா உட்பட நான்கு பெண்கள். மூன்று மாதக் கடுங்காவல்.

நம் ஊர்க் கதை தொடங்குவது எதிர்த் திசையில். டிரான்ஸ்வாலில் இருந்து 11 பெண்கள் நேட்டாலுக்குள் நுழைந்தார்கள். ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழ்ப் பெண்கள். தம்பி நாயுடுவின் மனைவி, முருகேசப் பிள்ளையின் மனைவி, பெருமாள் நாயுடுவின் மனைவி என்று காந்தி தன் நூலில் வரிசையாகப் பட்டியல் தருகிறார். பெரும்பாலோரின் சொந்தப் பெயர் அந்தப் பட்டியலில் கிடையாது. இன்னாரின் மனைவி என்றுதான் இருக்கிறது. மனைவி என்ற சொல்லுக்காகச் சண்டை போட்டவர்களுக்குச் சரித்திரத்தில் மிஞ்சியதும் அந்தச் சொல்தான் என்பது எனக்கு எப்போதும் உறுத்தும். சிலர் கைக்குழந்தையோடு போனார்கள்.

முதலில் அவர்களை யாரும் கைது செய்யவே இல்லை. எல்லையைத் தாண்டினார்கள், லைசென்ஸ் இல்லாமல் தெருவில் வியாபாரம் செய்தார்கள், போலீஸ் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்கள் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். அங்கே வேலை செய்தவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் போடாமல் இருப்பவர்கள் தலைக்கு வருடம் மூன்று பவுன் கட்ட வேண்டும் என்ற 1895-ஆம் வருட வரி அவர்கள் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. தங்கள் மொழியில் தங்கள் ஊர்ப் பெண்கள் வந்து பேசியதும் சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது. அக்டோபர் 21 அன்று பெண்கள் கைதாகி, மாரிட்ஸ்பர்க் சிறைக்குப் போனார்கள்.

நவம்பர் 6 அன்று புறப்பட்ட நடைப்பயணத்தில் ஆண்கள் 2,037, பெண்கள் 127, குழந்தைகள் 57. வழியில் இரண்டு பச்சைக் குழந்தைகள் இறந்தன. ஒன்று குளிரில், இன்னொன்று ஓடையைக் கடக்கும்போது தாயின் கையிலிருந்து நழுவி. அந்தத் தாய்மார்கள் நிற்காமல் நடந்தார்கள் என்று எழுதியிருக்கிறார் காந்தி. இந்த இடத்தை வகுப்பில் நான் ஒருமுறைகூட வேகமாகக் கடந்ததில்லை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம்.

வள்ளியம்மை அடுத்து வந்த குழுவில் சிறை சென்றவர். ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண், தில்லையாடியைப் பார்த்ததே இல்லை. வயது 16. திருமணமாகாதவர். பிறருடைய தாலிக்காகவும் வரிக்காகவும் போனார். சிறையில் காய்ச்சல் கண்டு, விடுதலையான சில நாட்களில், 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். அடுத்த வருடம் இந்தியா திரும்பிய காந்தி தில்லையாடிக்கு வந்து போனார்.

இதற்கிடையே செய்தி இந்தியாவுக்கு எட்டி, வைஸ்ராய் ஹார்டிங்கே சென்னையில் பேசும்போது தென்னாப்பிரிக்க அரசை வெளிப்படையாகக் கண்டித்தார். விசாரணைக் கமிஷன் வந்தது. ஸ்மட்ஸும் காந்தியும் பேசினார்கள். 1914-இல் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் வரி ஒழிந்தது. இந்திய மதப் புரோகிதர்களைத் திருமண அதிகாரிகளாக நியமிக்க வழி பிறந்தது. ஏற்கெனவே நடந்த ஒருதாரத் திருமணங்களைப் பதிந்துகொள்ளலாம். அந்நாட்டில் குடியிருக்கும் உரிமை பெற்ற இந்தியர் ஒரு மனைவியையும் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம்.

வெற்றிதான். ஆனால் "ஒரு மனைவி" என்ற அந்த எண்ணைக் கவனியுங்கள். கொண்டாடுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு மனைவி உள்ளவர் என்ன செய்வார்? யாரோ ஒருத்தி கப்பலேறினாள், இன்னொருத்தி ஊரில் நின்றாள். பலதார மணத்துக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, ஊரும் உறவும் ஒப்பி மணமுடித்த பெண் அவள். சட்டம் திருத்தப்பட்டபோது அந்த விலையைக் கொடுத்தது ஆண் அல்ல.

அடுத்து வந்ததுதான் நீங்கள் எல்லாம் இன்று படும் பாட்டுக்கு நேர் முன்னோடி. 1918-இல் பேரரசு மாநாடு ஒரு தீர்மானம் போட்டது. பிரிட்டிஷ் நாடுகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் இந்தியர் மனைவியையும் சிறு பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கு ஒரு மனைவி மட்டும், அவர் சட்டப்படியான மனைவிதான் என்று இந்திய அரசு சான்றளிக்க வேண்டும். ஊரறிய மேளம் கொட்டி, பந்தல் போட்டு, பங்காளி மாமன் மச்சான் எல்லோரும் சாட்சியாக நடந்த கல்யாணத்துக்கு, ஒரு சர்க்கார் காகிதமும் தேவைப்பட்டது.

கனடாவில் இதற்கு முன்பே இரண்டு சீக்கியர்கள், பாக் சிங்கும் பல்வந்த் சிங்கும், தங்கள் மனைவிகளோடு 1912-இல் வான்கூவர் வந்து மாட்டிக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து வழியில் நிற்காமல் நேராக வந்தால்தான் அனுமதி என்று விதி. அப்படி ஒரு கப்பலே ஓடவில்லை! கடைசியில் அந்தப் பெண்களை உரிமையாக அல்ல, கருணையாக உள்ளே விட்டார்கள்.

தென்னாப்பிரிக்கா கொடுத்ததையும் பிடுங்கியது. 1953-இல் கொண்டுவந்த சட்டம் இந்தியாவிலிருந்து மனைவி, பிள்ளைகளை அழைத்துவரும் உரிமையை முடித்துவைத்தது.

சுதந்திரத்துக்குப் பின் இது தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். 1979 ஜனவரியில் லண்டன் ஹீத்ரோவில் 35 வயது இந்திய ஆசிரியை ஒருவர் இறங்கினார். மணம் பேசியவரைத் திருமணம் செய்ய வந்தவர். அன்றைய விதிப்படி மனைவியாக வருபவருக்கு முன்அனுமதி வேண்டும், அதற்கு நெடுநாள் காத்திருப்பு. மணப்பெண்ணாக வருபவருக்கு அது வேண்டாம். இவர் ஏற்கெனவே மணமானவராக இருப்பாரோ என்று சந்தேகித்த அதிகாரிகள், கன்னியா என்று மருத்துவரை வைத்துப் பார்த்தார்கள். கார்டியன் பத்திரிகை வெளியிட்டதும் இங்கிலாந்தும் இந்தியாவும் கொதித்தன, அந்த வழக்கம் உடனே தடை செய்யப்பட்டது. ஒரே ஒரு சம்பவம்போல அப்போது பேசப்பட்டது. பல வருடம் கழித்து ஆவணங்களைத் தோண்டிய ஆய்வாளர்கள், நம் துணைக்கண்டத்துப் பெண்கள் குறைந்தது 80 பேருக்கு இது நடந்திருப்பதைக் கண்டார்கள். அந்த ஆசிரியை என்ன பாடம் நடத்தினாரோ என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

ஆறு வருடம் கழித்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் மூன்று பெண்கள் பிரிட்டனை எதிர்த்து ஜெயித்தார்கள். ஆண்கள் மனைவியை எளிதாக அழைக்கலாம், பெண்கள் கணவனை அழைப்பது கடினம் என்று இருந்த விதி பாரபட்சம் என்று தீர்ப்பு. பிரிட்டன் என்ன செய்தது தெரியுமா? கணவன்மாருக்கு இளக்கவில்லை, மனைவிமாருக்கும் இறுக்கி, சமத்துவம் ஆக்கிவிட்டது. இன்று அங்கே கேட்பது சடங்கை அல்ல, சம்பளத்தை. 2012-இல் வருடத்துக்கு 18,600 பவுன். 2024 ஏப்ரலில் 29,000 பவுன் ஆக்கினார்கள்.

வெளிநாட்டுக்காரனை மட்டும் சொல்லி என்ன பயன்? இங்கேயும் 1950-களில் சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஐயர் இல்லை, அக்னி இல்லை, சப்தபதி இல்லை என்பது காரணம். பிள்ளை குட்டியோடு வாழ்ந்தவர்கள் சட்டத்தின் முன் யாரோ எவரோ ஆனார்கள். அண்ணா முதல்வரானதும் 1967-இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, முன்பு நடந்த அத்தகைய திருமணங்களையும் சேர்த்துச் செல்லுபடியாக்கினார். 2009-இல் எல்லாத் திருமணங்களையும் 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று தமிழ்நாடு சட்டம் போட்டது. கோயில் ரசீதையும் பத்திரிகையையும் மட்டும் பத்திரமாக வைத்திருக்கும் மருமகப்பிள்ளைகள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் வாருங்கள். விசா கேட்கும்போது ஓடுவதைவிட அது சுலபம்.

பாய் மரியம் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1914 சட்டம் மனைவிகளை நாட்டுக்குள் விட்டதே தவிர, பதிவாகாத மதத் திருமணத்தை முழுத் திருமணமாக ஏற்கவில்லை. நிறவெறி ஆட்சி போய் மண்டேலா வந்த பிறகும் அது அப்படியே இருந்தது. விவாகரத்திலும் சொத்திலும் பெண்கள் அலைந்தார்கள். முஸ்லிம் திருமணங்களை ஏற்காதது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று தென்னாப்பிரிக்க அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2022 ஜூன் மாதத்தில். சேர்ல் தீர்ப்புக்கு 109 வருடம் கழித்து.