கிறிஸ்தவக் கல்லூரிகளில் மனித நடத்தை, குடும்ப உறவுக் கல்வி

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் திருச்சபைகளின் ஆதரவில் நடந்த கல்லூரிகளில், இறுதியாண்டு மாணவர்களுக்குக் கல்லூரித் தலைவரே முன்னின்று கற்பித்த நீதி தத்துவ வகுப்புதான் மனித நடத்தை, குடும்ப உறவுக் கல்வியின் பூர்வ வடிவம். பாப்டிஸ்ட் போதகரும் பிரௌன் பல்கலைக்கழகத் தலைவருமான பிரான்சிஸ் வேலண்ட் 1835-இல் வெளியிட்ட நீதி சாஸ்திர நூல், விவாக தர்மத்தையும் பெற்றோர், பிள்ளைகள் கடமைகளையும் முறையாக விளக்கி, பல கல்லூரிகளில் பாடநூலாக விளங்கிற்று. மனிதன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதை விரித்துரைத்த அக்கல்வி, அவன் உண்மையில் எவ்வாறு ஒழுகுகிறான் என்பதை நிதானித்து நோக்கவில்லை. அதன் பெருங்குறை இதுவே.

அக்குறையை நீக்க முற்பட்டவரும் அம்மரபிலேயே வளர்ந்தவர். வில்லியம்ஸ் கல்லூரியில் மார்க் ஹாப்கின்ஸ் தலைவராயிருந்த காலத்தில் பயின்று, பின்னர் நியூயார்க்கில் இறையியலும் கற்ற ஸ்டான்லி ஹால், 1878-இல் ஹார்வர்டில் மனோதத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாஸ்டன் நகரில் பள்ளிக்குப் புதிதாய் வந்த குழந்தைகள் எவற்றை அறிந்திருக்கிறார்கள், எவற்றை அறியாதிருக்கிறார்கள் என்று கேள்விகள் வாயிலாக ஆராய்ந்து, 1883-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, குழந்தைக்கு உபதேசிக்குமுன் அதன் சொல்லுக்குச் செவிகொடுக்க வேண்டும் என்பதைக் கல்வியுலகுக்கு உணர்த்திற்று. குடும்ப வாழ்வைப் பொறுத்தவரை, முன்னர்ப் போதகராயிருந்த எர்னஸ்ட் குரோவ்ஸ், மெதடிஸ்டுகள் நிறுவிய பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1920-களில் இல்வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்யும் பாடத்தைக் கற்பித்தார்.

இவ்வரலாற்றில் மனத்தை மிகவும் உருக்குவது ஆன்டன் பாய்சனின் தொண்டு. தாமே மனநோய்வாய்ப்பட்டு மருத்துவமனையில் இருந்து மீண்ட அப்போதகர், வூஸ்டர் அரசு மருத்துவமனையில் ஆன்மிகப் பணியாளராய் அமர்ந்து, 1925-இல் இறையியல் மாணவர்களை அங்கே வரவழைத்து, சாஸ்திர நூல்களைக் கற்கும் அதே சிரத்தையுடன் துன்புறும் மனிதரின் வாழ்வையும் கற்கச் செய்தார். நூலறிவு மட்டும் பெற்றுச் சபையின் பொறுப்பை ஏற்கவிருந்த இளைஞர்கள், கலங்கிய உள்ளத்தின் அருகில் அமர்ந்து பழகியது அக்கல்விக்குப் புத்துயிர் அளித்தது என்பதில் ஐயமில்லை.

பின்னர் இத்துறைக்கெனத் தனி அமைப்புகளும் எழுந்தன. கிறிஸ்தவ மனோதத்துவ ஆய்வாளர் சங்கம் 1956-இல் தோன்றிற்று. கலிபோர்னியாவின் புல்லர் இறையியல் கல்லூரி 1965-இல் மனோதத்துவப் பள்ளியைத் தொடங்கி, திக்குவாய் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற லீ எட்வர்ட் டிராவிஸை அதன் முதல் தலைவராக்கியது. அங்கே மாணவர்கள் வேதத்தையும் மனநோய்ச் சிகிச்சையையும் ஒருசேரக் கற்றனர். இதே நோக்குடன் அம்மாநிலத்திலேயே எழுந்த ரோஸ்மீட் மனோதத்துவப் பள்ளி, 1977-இல் பயோலா கல்லூரியுடன் இணைந்தது.