பதிவேடும் ஒப்பந்தமும்: பதிப்புரிமைப் பாதுகாப்பு எதில் இருக்கிறது?

பதிவு செய்தால்தான் படைப்பு தனக்குச் சொந்தம் என்று நம்பும் எழுத்தாளர்கள் இன்றும் பலர். பதிவு செய்யாமல் வழக்குத் தொடுக்க முடியாது என்பது 1847ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலை. அந்தக் கட்டாயம் 1914இலேயே நீங்கிவிட்டது. இப்போது நடைமுறையிலுள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, பதிவை ஆசிரியரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. கவிதை தாளில் ஏறியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. ஆசிரியர் மறைந்த பின்னும் அறுபது ஆண்டுகள் நீடிக்கிறது.

அப்படியானால் பதிவால் என்ன பயன்? இலக்கியப் படைப்புக்கு 500 ரூபாய் கட்டி 14ஆம் படிவத்தில் விண்ணப்பித்தால், ஆட்சேபம் தெரிவிக்க 30 நாள் அவகாசம் தரப்படுகிறது. எழுதியவர் யார் என்று பதிவாளர் துருவி ஆராய்வதில்லை. ஆகவேதான் 48ஆம் பிரிவு பதிவேட்டை முதல் நோக்கிலான சான்றாக மட்டுமே ஏற்கிறது; எதிர்த்தரப்பு அதை மறுத்து நிரூபிக்கலாம். பதிவில்லாமல் வழக்கு நிற்காது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2012இல் சொன்னது உண்மை. ஆனால் அது சட்டப்படி ஏற்கத்தக்கதன்று என 2021இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சேறாத கையெழுத்துப் படிக்குத் தேதியோடு ஒரு சான்று கிடைக்கிறது என்ற அளவில் பதிவு நல்லதே. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பதற்கில்லை.

எழுத்தாளர் உண்மையில் உரிமை இழக்கும் இடம் வேறு. பாரதியின் பாடல்களை எழுதியது யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. ஆனாலும் அவற்றை ஒலிப்பதிவு செய்யும் உரிமை விலைபோய், கைமாறி, திரைப்படத் தயாரிப்பாளர் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சேர்ந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் இடம்பெற்றபோது அது வழக்காயிற்று. அரசு 1949இல் உரிமையைப் பெற்று, பின்னர் பொதுவுடைமையாக்கியபோதுதான் சிக்கல் தீர்ந்தது. இங்கே சிக்கலுக்கு வேர் உரிமைமாற்றம். ஆசிரியர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றியிருந்தாலும் அது தடுத்திருக்காது.

இன்றைய சட்டம் இத்தகைய அனுபவங்களுக்கு ஓரளவு மருந்து வைத்திருக்கிறது. 19ஆம் பிரிவின்படி உரிமைமாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு. எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு விதமாகக் குறிப்பிடாத நிலையில், வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும். ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லாவிட்டால், அது செய்தபோது இல்லாத ஊடகத்துக்கு அந்த உரிமை செல்லாது என்பது 2012ஆம் ஆண்டுத் திருத்தம்.

ஆனால் எழுத்து, கையொப்பம் பற்றியது தவிர மற்ற காப்புகள் ஒப்பந்தம் வாய்மூடி இருக்கும் இடத்தில்தான் பேசும். 'காலவரையின்றி, உலகெங்கும்' என்று அச்சிட்ட தாளில் கையெழுத்திட்டவருக்கு அவை உதவா. ஆகவே பதிவுக் கட்டணம் கட்டுமுன் எழுத்தாளர் ஊன்றிப் படிக்க வேண்டியது பதிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தை. எழுத்தாளர் அமைப்புகளும் பதிவு முகாம்களைவிட மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்துத் தருவதில் முனைந்தால் பயன் கூடும்.