பிளேக் முதல் கொரோனா வரை: நம்ம ஊர் எவ்வளவு தாங்குச்சு?

ஒரு நோய் வந்தால் ஊர் எவ்வளவு தாங்கும் என்பது ஆஸ்பத்திரிக் கட்டிலை மட்டும் எண்ணினால் தெரியாது. வீடு, கூலி, ரேஷன், அக்கம்பக்கம் இந்த நாலையும் சேர்த்துத்தான் பார்க்கணும்.

நம்ம பக்கத்துக்கு இது புதுசு இல்லை. 1896-ல் பம்பாயில் பரவிய பிளேக், அடுத்த சில வருசங்களில் கோயம்புத்தூருக்கும் வந்தது. சனங்க வீட்டைப் பூட்டிட்டு ஊருக்கு வெளியே கொட்டகை போட்டுத் தங்கினாங்க. அப்போது வேண்டிக் கும்பிட்ட பிளேக் மாரியம்மன் கோயில்கள் இன்னைக்கும் கோவையில் இருக்கு. அன்னைக்கு ஒதுங்கிப் போக ஒரு வெட்டவெளியாவது இருந்தது.

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு வந்தபோது நமக்கு அதுவும் இல்லை. வீட்டிலேயே இருங்க, தள்ளி இருங்கன்னு சொன்னாங்க. எங்க காம்பவுண்டில் எட்டு லைன் வீட்டுக்கு ரெண்டு கழிப்பறை, ஒரே தண்ணிக்குழாய். எங்கே தள்ளி இருக்கிறது? யாருக்காவது காய்ச்சல்னா எட்டு வீடும் பயந்து கிடந்தோம்.

பனியன் கம்பெனிகளைப் பூட்டினதும் சனிக்கிழமைச் சம்பளம் நின்னுபோச்சு. பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறவங்க கையில் ஒரு வாரக் காசுகூட மிச்சம் இல்லை. ரேஷன் கடையில் 1000 ரூபாயும் இலவச அரிசியும் கொடுத்ததால்தான் பல வீட்டில் அடுப்பு எரிஞ்சுது. ஆனால் ஒடிசா, பீகார், ஜார்க்கண்டில் இருந்து வந்த தொழிலாளிகளுக்கு இங்கே கார்டு இல்லை. மே மாசம் சிறப்பு ரயில் விட்டதும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிட்டாங்க. திரும்பக் கம்பெனி திறந்தபோது ஆள் பத்தலை. யாரை நாம கணக்கில் சேர்க்கலையோ, அங்கேதான் ஊர் உடைஞ்சுது. எந்த மாநிலக் கார்டுக்கும் இங்கே அரிசி வாங்கும் திட்டம் அந்த அக்டோபரில்தான் தமிழ்நாட்டுக்கு வந்தது.

கடன் விசயமும் சொல்லணும். தவணையைத் தள்ளி வைக்கலாம்னு ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-ல் அறிவிச்சு, பிறகு ஆகஸ்ட் வரை நீட்டியது. தவணைதான் தள்ளிப் போகும், வட்டி ஏறும். இது தெரியாமல் தவிச்சவங்க நிறைய. எங்க தெருவில் ஒரு நிதி நிறுவனத்து ஆள் வாசலில் உட்கார்ந்துட்டார். சங்கத்துப் பெண்கள் பத்துப் பேர் போய் அறிவிப்பு வந்த பேப்பரைக் காட்டினோம். எழுந்து போனார். தனியா இருந்திருந்தா தோட்டைக் கழட்டிக் கொடுத்திருப்போம்.

2021 மே மாசம் இன்னும் கொடுமை. மே 21-ல் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. ஆக்சிஜன் கட்டிலுக்கு அலைஞ்சவங்க நம்ம தெருவிலும் உண்டு. நம்ம மாவட்ட மருத்துவக் கல்லூரி திறந்தது 2022 ஜனவரியில்.

என் கணக்குப்படி, ரேஷனும் சங்கமும் தாங்குச்சு. வீடும் கூலியும் தாங்கலை. அதனால் கூட்டமைப்பு மூணு வேலை செய்யலாம்: சந்தாவில் ஒரு பங்கை அவசர நிதியாகத் தனியா வைக்கணும். தெருவாரியாக வயசானவங்க, கர்ப்பிணிகள், வெளிமாநிலக் குடும்பங்கள் பேரை நோட்டில் எழுதி வைக்கணும். லைன் வீடுகளுக்குக் கூடுதல் கழிப்பறை கேட்டு நகராட்சியில் மனு கொடுக்கணும். அடுத்த நோய் வர்றதுக்கு முன்னாடியே இதெல்லாம் முடியணும்.